முதல் பிறந்தநாளுக்கு முன்: அமெரிக்காவில் சிசு மரணமும் இன வேறுபாடும்

உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுக்கு எத்தனை குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணாமல் இறந்துவிடுகின்றன என்பதைக் காட்டும் எண்ணுக்குச் சிசு மரண விகிதம் என்று பெயர். குடிநீரின் தூய்மை, தாயின் உணவு, பிரசவ வசதி, குடும்பத்தின் வருமானம், வீட்டின் நெரிசல் என ஒரு சமூகத்தின் நலனைத் தீர்மானிக்கும் காரணிகள் எல்லாம் மிகச் சிறிய உடல்களின் மீதே முதலில் தம் விளைவைக் காட்டுவதால், அந்தச் சமூகத்தின் நிலையை ஒரே எண்ணில் மதிப்பிட விரும்புவோர் பெரும்பாலும் இதையே நாடுகின்றனர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1915ஆம் ஆண்டில் இந்த விகிதம் வெள்ளையினத்தவரிடையே 98.6ஆகவும், பெரும்பாலும் கறுப்பினத்தவரே அடங்கிய வெள்ளையரல்லாதோர் பிரிவில் 181.2ஆகவும் இருந்தது. 2022ஆம் ஆண்டில் அது வெள்ளையினத்தவரிடையே ஏறத்தாழ 4.5, கறுப்பினத்தவரிடையே ஏறத்தாழ 10.9. ஒரு நூற்றாண்டுக்குச் சற்றே கூடுதலான காலத்தில் இரு தரப்பிலும் இறப்பு பெருமளவு வீழ்ந்திருக்கிறது. ஆனால் முன்பு 1.8 மடங்காக இருந்த வேறுபாடு இப்போது 2.4 மடங்காகியிருக்கிறது. இறப்பு குறைவதும் இடைவெளி குறைவதும் ஒன்றல்ல என்பதையே இவ்வெண்கள் முதலில் உணர்த்துகின்றன. இரண்டும் ஏன் ஒன்றாக நடக்கவில்லை என்பதை அறிய, ஒவ்வொரு காலகட்டத்திலும் குழந்தைகள் எந்தக் காரணத்தால் இறந்தன, அந்தக் காரணத்துக்கான மருந்தோ வசதியோ யாரை எப்போது எட்டியது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எண்ணுவதில் உள்ள சிக்கல்

விகிதம் கணக்கிட இறப்புகளோடு பிறப்புகளையும் முறையாகப் பதிவு செய்திருக்க வேண்டும். அமெரிக்காவில் பிறப்புப் பதிவுக்கான தேசிய ஏற்பாடு 1915இல் 10 மாநிலங்களையும் தலைநகர் வாஷிங்டனையும் மட்டும் கொண்டு தொடங்கி, 1933இல் டெக்சாஸ் சேர்ந்த பிறகே நாடு முழுவதற்கும் விரிந்தது. கறுப்பின மக்கள் மிகுதியாக வாழ்ந்த தென்மாநிலங்கள் பலவும் பிந்தியே இதில் இணைந்தன என்பதால், தொடக்ககால எண்கள் முழு நாட்டின் படமாக அமைவதில்லை.

இனம் என்ற வகைப்பாடும் நிலையான ஒன்றாக இருந்ததில்லை. பெற்றோரில் ஒருவர் வெள்ளையர், மற்றவர் வேறு இனத்தவர் என்றால், குழந்தையை அந்த மற்றவரின் இனத்தில் சேர்ப்பதே நெடுங்காலம் விதியாக இருந்தது; 1989ஆம் ஆண்டுத் தரவுகளிலிருந்துதான் பிறப்புகள் தாயின் இனத்தைக் கொண்டு வகைப்படுத்தப்படலாயின. மரணச் சான்றிதழிலோ இனத்தை நிரப்புபவர் பெரும்பாலும் ஈமச்சடங்கு நிறுவனத்தார். உறவினரைக் கேட்டும், சில வேளை தோற்றத்தைப் பார்த்தும் அவர் அதை எழுதினார். இதனால் பிறக்கும்போது ஓர் இனமாகவும் இறக்கும்போது வேறோர் இனமாகவும் பதிவான குழந்தைகள் உண்டு. இந்தப் பிழை அமெரிக்கப் பழங்குடியினர் போன்ற சிறு குழுக்களின் விகிதத்தை மிகுதியாகவும், கறுப்பின, வெள்ளையின விகிதங்களைச் சிறிதளவும் பாதித்தது. பின்னாளில் ஒவ்வொரு சிசுவின் மரணச் சான்றிதழையும் அதன் பிறப்புச் சான்றிதழோடு இணைத்துப் பார்க்கும் முறை வந்த பிறகே இது சீரானது. ஆகவே இத்தகைய ஆய்வுகளில் இனம் என்பது இரத்தத்தில் அளக்கப்பட்ட பண்பு அல்ல, சான்றிதழ் ஒன்றில் ஒருவர் எழுதிய சொல் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

உடலா, வாழ்நிலையா?

பதிவேடுகள் தொடங்குவதற்கு முந்தைய காலத்தைப் பொருளாதார வரலாற்றாளர்கள் தோட்டக் கணக்குகளிலிருந்தும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளிலிருந்தும் மதிப்பிட்டுள்ளனர். 1850ஆம் ஆண்டளவில் வெள்ளையினத்தவரிடையே ஆயிரத்துக்கு ஏறத்தாழ 217 சிசுக்களும், பெரும்பாலும் அடிமை நிலையில் இருந்த கறுப்பினத்தவரிடையே ஏறத்தாழ 340 சிசுக்களும் இறந்தன என்பது அம்மதிப்பீடு. கர்ப்பிணிகள் பேறுகாலம் நெருங்கும்வரை வயலில் உழைத்ததும், பிரசவித்த சில வாரங்களிலேயே மீண்டும் வேலைக்கு அனுப்பப்பட்டதால் பாலூட்டல் தடைப்பட்டதும் இதற்குச் சொல்லப்படும் முதன்மைக் காரணங்கள்.

அடிமை முறை ஒழிந்து ஒரு தலைமுறை கடந்த பின்னும் வேறுபாடு நீடித்தபோது அதற்கு இரண்டு எதிரெதிர் விளக்கங்கள் எழுந்தன. புருடென்ஷியல் காப்பீட்டு நிறுவனத்தின் புள்ளியியலாளரான ஃபிரடெரிக் ஹாஃப்மன், 1896இல் வெளியிட்ட நூலில், கறுப்பினத்தவரின் மிகை இறப்புக்குக் காரணம் அவர்களுடைய வாழ்நிலை அல்ல, இனத்தின் உடற்பண்புகளே என்று வாதிட்டார். கணிதவியலாளர் கெல்லி மில்லர் மறு ஆண்டே இதை மறுத்து எழுதினார். சமூகவியலாளர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் 1906இல் அட்லாண்டா பல்கலைக்கழகத்தின் சார்பில் தொகுத்த அறிக்கை, இறப்பு விகிதங்கள் இனத்தைவிட வறுமையையும் வசிப்பிடத்தையும் பின்பற்றுகின்றன என்று எண்களைக் கொண்டே காட்டியது. ஓர் இடைவெளி உடலில் இருக்கிறதா, சூழலில் இருக்கிறதா என்ற இந்தக் கேள்வி அடுத்த நூறு ஆண்டுகளிலும் வெவ்வேறு வடிவங்களில் திரும்பத் திரும்ப வந்தது.

1912இல் அமைக்கப்பட்ட மத்திய குழந்தைகள் நலப் பணியகம், ஜூலியா லேத்ரப்பின் தலைமையில் பென்சில்வேனியாவின் ஜான்ஸ்டவுன் நகரில் தொடங்கி வீடு வீடாகச் சென்று நடத்திய ஆய்வுகள், தந்தையின் கூலி உயர உயரச் சிசு மரணம் குறைவதைக் கண்டன. அக்காலத்தில் சிசுக்களைப் பெரிதும் கொன்றவை வயிற்றுப்போக்கும் நிமோனியாவும். கெட்ட பாலும் அழுக்கு நீரும் நெரிசலான அறைகளும் அவற்றைப் பரப்பின. கொதிநிலைக்குக் கீழே சூடாக்கி நுண்ணுயிரிகளை அழித்த பால், சாக்கடை வசதி, 1930களில் வந்த சல்ஃபா மருந்துகள், 1940களில் வந்த பெனிசிலின் ஆகியவை அவற்றைப் படிப்படியாகக் கட்டுப்படுத்தின. 1950இல் விகிதம் வெள்ளையினத்தவரிடையே 26.8, கறுப்பினத்தவரிடையே 43.9. வேறுபாடு 1.6 மடங்காகச் சுருங்கியிருந்தது. 

மூடிய கதவும் திறந்த கதவும்

அதற்கு அடுத்த பத்தாண்டுகளில் வெள்ளையினச் சிசு மரணம் 22.9ஆகக் குறைய, கறுப்பினச் சிசு மரணம் 1960இல் 44.3ஆக, அதாவது பத்தாண்டுகளுக்கு முன்பிருந்த இடத்திலேயே நின்றது. மருந்துகள் இருந்தன, மருத்துவமனைகளும் புதிதாக எழுந்தன. ஆனால் மத்திய அரசின் பணத்தில் மருத்துவமனை கட்ட வழிசெய்த 1946ஆம் ஆண்டின் ஹில்-பர்ட்டன் சட்டமே, இனவாரியாகத் தனித்தனி வசதிகள் அமைவதை அனுமதித்தது. தெற்கில் கறுப்பின நோயாளிகளை அறவே சேர்க்காத மருத்துவமனைகளும், சேர்த்தாலும் தனி வார்டில் சில படுக்கைகளை மட்டும் ஒதுக்கியவையும் இருந்தன. மிசிசிப்பியின் கிராமங்களில் கறுப்பினப் பெண்கள் பலர் மருத்துவச்சியின் துணையோடு வீட்டிலேயே பிரசவித்தனர்.

இத்தகைய தடையின் விளைவை வயிற்றுப்போக்கு கண்ட மூன்று மாதக் குழந்தை ஒன்றின் உடலில் தெளிவாகக் காணலாம். அந்த வயதில் உடல் எடையில் பெரும்பகுதி நீர். வளர்ந்தோர் தாங்கிக்கொள்ளும் இழப்பைக் குழந்தை தாங்காது. சில மணி நேரத்தில் உச்சிக்குழி உள்வாங்கும், கண்ணீர் வற்றும், கிள்ளிவிட்ட தோல் மெதுவாகத்தான் பழைய நிலைக்குத் திரும்பும், சிறுநீர் நிற்கும். பின்னர் இரத்தத்தின் அளவே குறைந்து இதயம் தளரும். நரம்பு வழியே உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை ஏற்றி ஓரிரவு கவனித்தால் அதே குழந்தை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அரிய மருந்தோ சிறப்பு நிபுணரோ இதற்குத் தேவையில்லை. தேவைப்படுவது உள்ளே அனுமதிக்கும் மருத்துவமனை ஒன்று மட்டுமே.

அந்த அனுமதி கிடைத்த வழி விந்தையானது. வட கரோலைனாவின் கிரீன்ஸ்பரோ நகர மருத்துவமனைக்கு எதிராகப் பல் மருத்துவர் ஜார்ஜ் சிம்கின்ஸ் முதலானோர் தொடுத்த வழக்கில், தனிப் பிரிவுகளை அனுமதித்த விதி செல்லாது என 1963இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம், மத்திய அரசின் நிதி பெறும் எந்த அமைப்பும் இனப் பாகுபாடு காட்டக்கூடாது என்றது. 1966 ஜூலையில் தொடங்கிய மெடிகேர் என்னும் முதியோர் மருத்துவக் காப்பீடு அந்தச் சட்டத்துக்குப் பல் கொடுத்தது. வார்டுகளை ஒன்றிணைக்காத மருத்துவமனைக்கு அந்தப் பெருந்தொகையில் பங்கில்லை என்றானதும், தலைமுறைகளாக அசையாத கதவுகள் சில மாதங்களில் திறந்தன. முதியோருக்காக வந்த பணம் சிசுக்களுக்கும் வழிவிட்டது.

பொருளியலாளர்கள் டக்ளஸ் ஆல்மண்ட், கென்னத் சே, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோர் மிசிசிப்பியின் தரவுகளை ஆராய்ந்தபோது, 1965க்குப் பின் கறுப்பினச் சிசு மரணத்தில் ஏற்பட்ட செங்குத்தான வீழ்ச்சி, பிறந்து 28 நாளைக் கடந்து ஓராண்டுக்குள் நேரும் இறப்புகளிலும், குறிப்பாக வயிற்றுப்போக்கு, நிமோனியா ஆகிய இரண்டிலும் குவிந்திருந்ததைக் கண்டனர். மருத்துவமனைக்குள் சேர்த்தாலே காப்பாற்றக்கூடிய நோய்களில்தான் வீழ்ச்சி தெரிந்தது என்பதே அவர்கள் முடிவுக்கு வலுச் சேர்த்தது. ஏழைகளுக்கான காப்பீடும் உணவுக் கூப்பன் திட்டமும் அதே ஆண்டுகளில் வந்தவை என்பதால் முழுப் பெருமையையும் ஒரே காரணத்துக்கு அளிக்க இயலாது. மிசிசிப்பியின் மவுண்ட் பாயூ என்ற ஊரில் மருத்துவர் ஜாக் கைகரும் அவருடைய குழுவினரும் 1967இல் தொடங்கிய சமூக நல மையம், கிணறு வெட்டியது, கழிப்பறை கட்டியது. ஊட்டமின்றி மெலிந்த குழந்தைகளுக்குப் பாலையும் காய்கறியையும் இறைச்சியையும் மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்து, செலவை மருந்துக் கணக்கில் சேர்த்தது. 1970இல் கறுப்பின விகிதம் 32.6ஆக இறங்கியது. மரபணுக்கள் சில ஆண்டுகளில் மாறுவதில்லை. மாறியது சூழல் மட்டுமே என்பதால், ஹாஃப்மனின் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி அமைவது அரிது.

கழித்தலும் வகுத்தலும்

1970களுக்குப் பின் சிசு மரணத்தின் முகம் மாறியது. தொற்றுநோய்கள் பின்வாங்க, முதல் 28 நாட்களுக்குள் நேரும் பச்சிளங்குழந்தை மரணங்களும், அவற்றுக்கு அடிப்படையான குறைப்பிரசவமும் முன்னால் வந்தன. 37 வாரம் நிறைவதற்குள் பிறப்பதைக் குறைப்பிரசவம் என்பர். இவ்வாறு மிக முன்னதாகப் பிறந்த குழந்தையின் நுரையீரலில், காற்றறைகளின் உட்சுவரை மூடியிருக்கும் நீர்ப்படலம் தன் பரப்பு இழுவிசையால் அவ்வறைகளை ஒட்டிப்போகச் செய்கிறது. முதிர்ந்த நுரையீரல் சோப்பைப் போன்ற தன்மையுள்ள சர்ஃபாக்டன்ட் என்னும் பொருளைச் சுரந்து அந்த இழுவிசையைத் தளர்த்துகிறது. இந்தப் பொருளின் குறைபாடே குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத்திணறலுக்குக் காரணம் என்பதை மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் 1959இல் காட்டினர். குடியரசுத் தலைவர் கென்னடியின் மகன் பேட்ரிக் 1963இல் இரண்டு நாள் கூட வாழாமல் இறந்தது இந்த நோயினால்தான். ஜப்பானின் தெத்சுரோ புஜிவாரா 1980இல் மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைச் செலுத்தி வெற்றி கண்டார். அமெரிக்காவில் 1990இல் இத்தகைய மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது.

இந்தப் பெரும் முன்னேற்றம் எதிர்பாராத வகையில் இடைவெளியை விரித்தது. ஒரே அளவு குறைமாதத்தில் பிறந்தவற்றுள் கறுப்பினக் குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் நோய் சற்றுக் குறைவாகவே வந்தது. ஆகவே மருந்து வருவதற்கு முன் மிகச் சிறிய எடையுள்ள குழந்தைகளிடையே அவர்களுக்குச் சிறிய சாதகம் இருந்தது. மருந்து வந்ததும் அந்தச் சாதகம் மறைந்தது; மிகக் குறைந்த எடையோடு பிறக்கும் குழந்தைகள் கறுப்பினத்தவரிடையே இரண்டரை மடங்குக்கும் மேல் என்ற பாதகமோ அப்படியே எஞ்சியது. திடீர் சிசு மரணத்திலும் இதை ஒத்த நிகழ்வைக் காணலாம். குழந்தையை மல்லாந்து உறங்க வைக்குமாறு 1994இல் தொடங்கிய நாடு தழுவிய பிரச்சாரத்துக்குப் பின் அவ்விறப்புகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. ஆனால் இரு இனத்தாரிடையே இருந்த இருமடங்கு வேறுபாடு அழியவில்லை. 2000ஆம் ஆண்டில் மொத்தச் சிசு மரண விகிதம் வெள்ளையினத்தவரிடையே 5.7ஆகவும் கறுப்பினத்தவரிடையே 14.1ஆகவும் இருந்தது, வேறுபாடு 2.5 மடங்கு.

இங்கே ஒரு கணக்கு நுட்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். ஆயிரத்துக்கு 20 பேர் இறக்கும் ஒரு குழுவையும் 30 பேர் இறக்கும் மற்றொரு குழுவையும் கற்பனை செய்து, இரு குழுவிலும் 15 மரணங்களுக்குக் காரணமான ஒரு நோய் முற்றிலும் ஒழிந்ததாகக் கொண்டால், எஞ்சுபவை 5, 15. கழித்துப் பார்த்தால் இடைவெளி முன்பும் பின்பும் 10தான். வகுத்துப் பார்த்தால் ஒன்றரை மடங்கு மும்மடங்காகிறது. அமெரிக்காவின் உண்மைக் கணக்கில் கழித்தலின் விடை 1915இல் 82.6, 2022இல் ஏறத்தாழ 6.4, வகுத்தலின் விடையோ ஏறியிருக்கிறது. இரண்டுமே உண்மைதான். கழித்தல் எத்தனை உயிர்கள் என்று சொல்கிறது. வகுத்தல், ஒழிந்த காரணங்களைவிட எஞ்சிய காரணங்கள் எவ்வளவு சமமற்றுப் பரவியிருக்கின்றன என்று சொல்கிறது.

பிரசவத்துக்கு முந்தைய கேள்வி

அப்படி எஞ்சிய காரணங்களில் முதன்மையானது குறைப்பிரசவம் என்றால், அது கறுப்பினத் தாய்மாரிடையே ஏன் மிகுதி என்பதே கேள்வி. வறுமை மட்டுமே விடையல்ல என்பதை 1992இல் கென்னத் ஷோண்டார்ஃப் குழுவினரின் ஆய்வு காட்டியது. பெற்றோர் இருவரும் கல்லூரிப் பட்டம் பெற்ற குடும்பங்களை மட்டும் எடுத்துக்கொண்டபோதும், கறுப்பினச் சிசு மரணம் ஆயிரத்துக்கு 10.2, வெள்ளையினத்தில் 5.4, இயல்பான எடையோடு பிறந்த குழந்தைகளிடையே மட்டும் வேறுபாடு இல்லை. மரபணுவும் விடையல்ல என்பதற்கு ரிச்சர்ட் டேவிட், ஜேம்ஸ் காலின்ஸ் இருவரும் 1997இல் இல்லினாய் மாநிலப் பிறப்புகளைக் கொண்டு வெளியிட்ட ஆய்வு வலுவான சான்று. அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 3,089 கிராம். ஆப்பிரிக்காவிலிருந்து குடியேறிய தாய்மாரின் குழந்தைகள் 3,333 கிராம். அமெரிக்காவில் பிறந்த வெள்ளையினத் தாய்மாரின் குழந்தைகள் 3,446 கிராம். ஆப்பிரிக்க மூலமே எடைக்குறைவுக்குக் காரணம் என்றால், அம்மூலத்துக்கு மிக நெருங்கியவர்களின் குழந்தைகள் மிகச் சிறியவையாக இருந்திருக்க வேண்டும், நிகழ்ந்ததோ நேர்மாறு. குடியேறியவர்களின் மகள்கள் அமெரிக்காவில் வளர்ந்து தாயானபோது அந்தச் சாதகம் கரையத் தொடங்கியதைப் பின்னர் வந்த ஆய்வு காட்டியது.

பாறை வெயிலிலும் மழையிலும் தேய்வதைப் போல, நாள்தோறும் படியும் பாகுபாடும் பொருளாதார நெருக்கடியும் உடலை வயதுக்கு முன்பே தேய்க்கின்றன என்ற கருதுகோளை ஆர்லைன் ஜெரோனிமஸ் 1992இல் முன்வைத்தார். நீடித்த மன அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் பிரசவ நேரத்தைத் தீர்மானிக்கும் நஞ்சுக்கொடியின் சுரப்புகளோடு தொடர்புடையவை என்பதால் இந்த வழி உடலியல் நோக்கில் பொருந்துவதே. ஆனால் மன அழுத்தத்தை ஆயுள் முழுதும் அளப்பது கடினம். கிடைக்கும் சான்றுகளும் ஒரே திசையில் இல்லை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிந்தைய ஆறு மாதங்களில், கலிபோர்னியாவில் அரபுப் பெயர் கொண்ட பெண்களிடையே எடை குறைந்த பிறப்புகள் 34 சதவீதம் கூடியதாக ஓர் ஆய்வு கண்டது. மிச்சிகனில் அரபு வம்சாவளியினரிடையே நடந்த ஆய்வில் அத்தகைய மாற்றம் தென்படவில்லை.

எளிய விடை ஒன்றைக் கண்டுவிடும் ஆவல் அறிவியலையும் வழி தவறச் செய்யும் என்பதற்கு அண்மைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. புளோரிடாவின் ஏறத்தாழ 18 லட்சம் பிறப்புகளை ஆராய்ந்து 2020இல் வெளிவந்த கட்டுரை, கறுப்பின மருத்துவர் கவனித்த கறுப்பினக் குழந்தைகள் கூடுதலாகப் பிழைத்தன என்றது. அது பரவலாக மேற்கோள் காட்டப்பட்டது. 2024இல் ஜார்ஜ் போர்ஹாஸ், ராபர்ட் வெர்புரூகன் இருவரும் அதே தரவை மறு ஆய்வு செய்து, 1,500 கிராமுக்கும் குறைவாகப் பிறந்த குழந்தைகளைக் கணக்கில் கொண்டதும் அவ்விளைவு ஏறத்தாழ மறைந்துவிடுவதைக் காட்டினர். ஆபத்து மிகுந்த அந்தச் சின்னஞ்சிறு குழந்தைகள் வெள்ளையின மருத்துவர்களிடமே மிகுதியாகச் சேர்ந்திருந்தன. இந்த மறு ஆய்வும் ஆராய்ச்சியாளரின் கவனத்தைப் பிரசவ அறையிலிருந்து அதற்கு முந்தைய மாதங்களுக்கே திருப்புகிறது.

நூற்றாண்டு வரலாற்றைத் தொகுத்துப் பார்க்கும்போது ஒரு வேறுபாடு புலனாகிறது. 1966இல் தடை எங்கே இருந்தது என்று விரலால் சுட்ட முடிந்தது. அது மருத்துவமனையின் வாசலில் இருந்தது, ஒரு சட்டத்தாலும் ஒரு நிதி நிபந்தனையாலும் அதை அகற்ற முடிந்தது. இன்றைய தடையோ தாயின் குழந்தைப் பருவம், அவர் வளர்ந்த தெரு, கருத்தரிக்கும் முன்பே ஏறியிருக்கும் இரத்த அழுத்தம், கர்ப்ப காலத்தில் கிடைக்கும் கவனிப்பு எனப் பல ஆண்டுகளிலும் பல இடங்களிலும் சிதறிக் கிடக்கிறது. திறப்பதற்கு ஒற்றைக் கதவு இல்லை. 2022இல் நாட்டின் மொத்தச் சிசு மரண விகிதம் இரு பத்தாண்டுகளில் முதன்முறையாகக் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது என்பது, குறைதல் தானாகவே தொடரும் என்ற நம்பிக்கைக்கும் இடமில்லை என்பதைக் காட்டுகிறது. அந்த ஆண்டில் கறுப்பினத் தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகள் 5 லட்சத்துக்குச் சற்று மேல். ஆயிரத்துக்கு 6.4 என்ற இடைவெளியை அந்த எண்ணிக்கையோடு பெருக்கினால், இரு விகிதங்களும் ஒன்றாக இருந்திருந்தால் முதல் பிறந்தநாளைக் கண்டிருக்கக்கூடிய குழந்தைகள் அந்த ஓராண்டில் மட்டும் 3,000க்கும் மேல் என்று தெரியவருகிறது.